சலுகையும் நிபந்தனையும்

“இலங்கைச் சட்டத்தைப் பற்றிக் கேட்க ஐரோப்பாக்காரர்கள் யார்?” என்று போன சீசனில் குற்றாலத்தில் ஒரு நண்பர் கேட்டார்.

பதில், இலங்கை போட்ட கையெழுத்தில் இருக்கிறது. 2005-ல் ஐரோப்பிய ஒன்றியம் அந்நாட்டுக்கு ‘ஜிஎஸ்பி பிளஸ்’ என்ற சுங்கவரிச் சலுகை கொடுத்தது. ஆயத்த ஆடைத் தொழிலுக்குப் பெரிய லாபம். மனித உரிமை, தொழிலாளர் நலன், சுற்றுச்சூழல், நல்லாட்சி பற்றிய 27 சர்வதேச உடன்படிக்கைகளை நடைமுறைப்படுத்த வேண்டும் என்பது நிபந்தனை. யாரும் திணிக்கவில்லை, கேட்டு வாங்கிய சலுகை.

சித்திரவதைத் தடை உட்பட மூன்று உடன்படிக்கைகளைச் சரிவர நிறைவேற்றவில்லை என்று 2010 ஆகஸ்டில் அதை நிறுத்தினார்கள். சுமை விழுந்தது மந்திரிகள் மேல் அல்ல; ஆடைத் தொழிற்சாலைகள் மேலும், அங்கே தைக்கும் பெண்கள் மேலும். வழக்கே போடாமல் ஒருவரை 18 மாதம் அடைத்து வைக்க இடம் தரும் 1979-ம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டமோ அப்படியே இருந்தது.

2017 மே மாதம் சலுகை திரும்பி வந்தது. 2021-ல் ஐரோப்பிய நாடாளுமன்றம் அந்தச் சட்டத்தைக் குறிப்பிட்டு எச்சரித்தது. 2022-ல் 18 மாதம் 12 ஆகக் குறைந்தது. போதாதுதான், ஆனாலும் சிறையில் இருப்பவனுக்கு ஆறு மாதம் சின்ன விஷயமல்ல.

அரசு அலுவலகத்தில் மானியம் வழங்கியவர்களுக்கு இது தெரியும். முதல் தவணையைக் கொடுத்து, நடந்த வேலையைப் பார்த்த பிறகே இரண்டாம் தவணை. உதவி செய்யும் நாடுகளும் அப்படித்தான் கொடுத்துக்கொண்டே கணக்குக் கேட்க வேண்டும். நிறுத்திவிடுவார்களோ என்ற பயம் இருக்கட்டும். நிறுத்தியே விட்டால் அந்தப் பயமும் போய்விடும்.