பழைய காரும் கொதிக்கும் நீரும்

மே விடுமுறை நெருங்கிவிட்டால் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாழும் நம்மவர் இல்லங்களில் ஒரே பேச்சுத்தான். ரயிலில் இடம் இல்லை. காரிலேயே ஊருக்குப் புறப்படலாமா? காருக்கோ பதினான்கு வயது நிறைந்துவிட்டது. சென்ற முறை புனாவைக் கடந்து கம்பாட்கி மலைப்பாதை ஏறுகையில் சூடு காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. பழுது பார்ப்பதா, கடன்பட்டுப் புதியது வாங்குவதா என்று அன்பர் பலர் வினவுகின்றனர்.

வண்டி கொதிப்பது நோயன்று, நோயின் குறியே. நோய் இன்னதென்று அறியுமுன் விலை பேசலாகாது. ரப்பர்க் குழாயில் கசிவு, விசிறி சுழலாமை, தெர்மோஸ்டாட் திறவாமை, தண்ணீர் பம்ப் தேய்வு, ரேடியேட்டர் அடைப்பு என்பனவே பெரும்பாலும் காரணமாகும். கூலண்டுக்குப் பதிலாக ஆழ்குழாய்க் கிணற்று நீரையே ஆண்டுக்கணக்கில் ஊற்றிவந்தால் உப்புப் படிந்து அடைத்துக்கொள்ளாமல் என்ன செய்யும்? இவற்றுக்காகக் காரை விற்பது, மூட்டைப்பூச்சிக்கு அஞ்சி வீட்டைக் கொளுத்துவதாகும். தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறிந்துவிட்டு, "சரியாகிவிட்டது, சார்" என்னும் மெக்கானிக்குகளும் உளர். அதனை நாம் ஒப்புவதில்லை. எஞ்சின் உரிய சூட்டை எய்தாமல் பெட்ரோலைக் குடிக்கும்.

அஞ்சத்தக்கது வேறொன்று. கொதிக்கக் கொதிக்க ஓட்டிய எஞ்சினில் அலுமினியத் தலைப்பாகம் கோணிக் கேஸ்கட் பழுதாகும். அப்போது எண்ணெய் பால் கலந்த காப்பி போல் மாறும். எஞ்சின் சூடான பின்னும் வெண்புகை ஓயாது. குறைந்த கூலண்ட் எங்குச் சென்றதென்றே தெரியாது. குளிர்ந்த எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து கிளப்பினால் குமிழிகள் தொடர்ந்து எழும். சூடாயிருக்கையில் மட்டும் அம்மூடியைத் தொடவேண்டா. சீறியெழும் நீர் முகத்தை வேகவைத்துவிடும்.

தலைப்பாகத்தைக் கழற்றும் வேலையென்றால் மதிப்பீட்டை எழுத்தில் பெறுக. அத்தொகை காரின் இன்றைய விலையில் பாதியைத் தாண்டினால் விற்பதே மேல் என்பது நம் கருத்து. பதினைந்தாம் ஆண்டையும் கணக்கில் கொள்க. அப்போது தகுதிச் சோதனை செய்து பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாய் ஆயிற்று. மகாராஷ்டிரத்தில் சுற்றுச்சூழல் வரியும் உண்டு. தில்லி அன்பர்களுக்கு வயதுக் கட்டுப்பாடு வேறு இருப்பதால் அங்குள்ள அண்மை ஆணையைப் பார்த்தே கையை நீட்டவேண்டும். ஆனால் புதிய காரின் மாதத் தவணை, பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணம் வரும் ஜூன் மாதத்திலும் தவறாமல் வருமென்பதை வீட்டரசியாருடன் அமர்ந்து எண்ணிப் பார்க்க.

எம்முடிவாயினும், சோதிக்காத காரில் முதியோரை ஏற்றி மலைப்பாதை ஏறவேண்டா. ரயில் முன்பதிவு இப்போது அறுபது நாட்களுக்கு முன்னரே தொடங்குகிறது. மே இறுதிப் பயணத்திற்கு மார்ச் கடைசியிலேயே விழித்திருக்க வேண்டும்.