சாப்பாட்டு மேசையில் குரோமோசோம்கள்

ஜேனட் ரௌலியைப் பற்றி எழுதுபவர்கள் யாரும் அந்தச் சாப்பாட்டு மேசையை விடுவதில்லை. சிகாகோவில் தன் வீட்டு மேசையில் புகைப்படங்களைப் பரப்பி, குரோமோசோம்களைக் கத்தரிக்கோலால் வெட்டி ஜோடி சேர்த்துக்கொண்டிருப்பார். காகிதப் பொம்மை விளையாடுவதற்கு அம்மாவுக்குச் சம்பளமா என்று பிள்ளைகள் கேலி செய்வார்களாம். அழகான கதைதான். ஆனால் இதை மட்டும் சொன்னால், வீட்டில் இருந்த ஒரு அம்மாவுக்கு அதிர்ஷ்டம் அடித்தது போல ஆகிவிடுகிறது. நடந்தது அதுவல்ல.

1940-களில் சிகாகோ பல்கலைக்கழக மருத்துவப் படிப்பில் 65 பேர் கொண்ட வகுப்பில் பெண்களுக்கு 3 இடம்தான்! அது நிரம்பிவிட்டதால் ரௌலி ஒன்பது மாதம் காத்திருந்து சேர்ந்தார். 1948-ல் பட்டம், மறுநாளே கல்யாணம், பிறகு நான்கு மகன்கள். மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கான கிளினிக்கில் பகுதிநேர வேலை. டவுன் நோய்க்குக் காரணம் ஒரு கூடுதல் குரோமோசோம் என்று 1959-ல் தெரியவந்தபோது அவருக்கு ஆர்வம் பிறந்தது. 1961-ல் கணவருடன் ஆக்ஸ்போர்டு போய், குரோமோசோம்களை ஆராயும் முறையைக் கற்றுக்கொண்டார்.

திரும்பி வந்ததும், ரத்தவியல் நிபுணர் லியோன் ஜேக்கப்சனிடம் ஒரு மைக்ராஸ்கோப், ஒரு இருட்டறை, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்குக் கொடுக்கும் அளவுக்குச் சம்பளம் ஆகியவற்றைக் கேட்டார். வயது 37 ஆகியிருந்தது. ஆராய்ச்சியில் பெயர் எடுத்தவர் அல்ல. தினமும் வரவும் மாட்டார். ஜேக்கப்சன் தயங்கவில்லை, வருடத்துக்கு 5000 டாலர் கொடுத்தார். வெளியான கட்டுரைகளை எண்ணியும், இடையில் விட்ட வருடங்களைக் கணக்குப் பார்த்தும் வேலை கொடுக்கும் ஒரு தேர்வுக் குழு இவரை எடுத்திருக்குமா? விண்ணப்பத்தைப் பிரித்திருந்தாலே ஆச்சரியம்.

அடுத்த பத்து வருடம் லுகேமியா நோயாளிகளின் செல்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சொல்லிக்கொள்ளும்படி எதுவும் கிடைக்கவில்லை. பல குரோமோசோம்கள் ஒன்றுபோலவே தெரிந்த காலம் அது. 1970-ல் மறுபடி ஆக்ஸ்போர்டு போனபோது, சாயமேற்றி ஒவ்வொன்றிலும் பட்டைகளைக் காட்டும் புதிய முறை கைக்கு வந்தது.

நாள்பட்ட மைலாய்டு லுகேமியாவில் ஒரு குரோமோசோம் குட்டையாக இருக்கும் என்பதை 1960-லேயே நோவெல், ஹங்கர்ஃபோர்டு இருவரும் ஃபிலடெல்ஃபியாவில் கண்டிருந்தார்கள். ஒரு துண்டு காணாமல் போய்விட்டது என்றே பலரும் நினைத்தார்கள். அது எங்கும் போகவில்லை, 22-ஆம் குரோமோசோமின் துண்டு 9-ஆம் குரோமோசோமின் நுனியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று ரௌலி 1972-ல் கண்டார். 1973-ல் நேச்சர் இதழில் வெளியிட்டார். அதற்குச் சற்று முன்பு இன்னொரு வகை லுகேமியாவில் 8-உம் 21-உம் துண்டுகளை மாற்றிக்கொள்வதையும் பார்த்திருந்தார். குரோமோசோம் குழப்பம் புற்றுநோயின் விளைவே தவிர காரணம் அல்ல என்று பெரும்பாலோர் நம்பிய நேரம். ஒவ்வொரு வகை நோயிலும் அதே இடம் அதே விதமாக உடைகிறது என்றால் அது எப்படித் தற்செயல் ஆகும்? 1977-ல் மூன்றாவது ஒன்றும் (15-உம் 17-உம்) சேர்ந்தபின் மறுப்பது கஷ்டமாகிவிட்டது.

மற்றது வேகமாக நடந்தது. அந்த ஒட்டில் இரண்டு மரபணுக்கள் இணைந்து, செல்லைப் பெருகச் சொல்லிக்கொண்டே இருக்கும் ஒரு புரதம் உண்டாவதை 1980-களில் வேறு ஆய்வகங்கள் கண்டுபிடித்தன. அந்தப் புரதத்தை அடக்கும் இமாட்டினிப் மாத்திரைக்கு 2001-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. சில வருடங்களே வாழ்வார்கள் என்று சொல்லப்பட்ட நோயாளிகளில் மிகப் பலர் இன்று தினமும் மாத்திரை போட்டுக்கொண்டு ஏறக்குறைய மற்றவர்களைப் போலவே வாழ்கிறார்கள். மருந்தை ரௌலி செய்யவில்லை, உண்மைதான். எதை அடக்க வேண்டும் என்ற தேடலின் முதல் நுனி அவர் கத்தரித்த காகிதத்தில் இருந்தது.

1998-ல் லாஸ்கர் விருது, 2009-ல் அமெரிக்க அதிபரின் சுதந்திரப் பதக்கம் எல்லாம் வந்தன. நோபல் மட்டும் வரவில்லை. அதைவிடப் பேச வேண்டியது, இந்தப் பெரிய கண்டுபிடிப்பு நடந்த 1972-ல்கூட அவர் பகுதிநேர ஊழியர்தான் என்பது. கடைசி மகனுக்கு 12 வயது ஆன பிறகே முழுநேரத்துக்கு மாறினார். பிறகு நிறுத்தவே இல்லை. 2013-ல் 88 வயதில் இறந்தார், எண்பதைத் தாண்டியும் ஆய்வகத்துக்குச் சைக்கிளில் போனவர்.