பாட்டுக் கேட்கும் காது

மும்பையில் ‘பெஸ்ட்’ பஸ்களில் கைபேசியைச் சத்தமாக வைத்துப் பாட்டுக் கேட்கக்கூடாது, படம் பார்க்கக்கூடாது என்று 2023-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் தடை வந்தது. கேட்க விரும்புகிறவர்கள் இயர்போன் மாட்டிக்கொள்ள வேண்டும். அதற்கு முன்பே, 2021 நவம்பரில், கர்நாடக ஐகோர்ட்டு அந்த மாநில அரசு பஸ்களில் இதே கட்டுப்பாட்டைக் கொண்டுவரச் சொல்லியிருந்தது. 2022 ஜனவரியில் ரெயில்வேயும் இரவு 10 மணிக்கு மேல் பெட்டிகளில் பாட்டுச் சத்தம் கேட்கக்கூடாது என்று உத்தரவிட்டது.

மூன்றும் நியாயமானவை. வரவேற்கத்தக்கவை.

நாள் முழுவதும் நின்று வேலை செய்துவிட்டு, டோம்பிவிலி ரெயிலில் எப்படியோ ஓர் இடம் பிடித்துக் கண்ணை மூடுகிறவனின் காதருகே இன்னொருவரின் கைபேசி அலறினால் யாருக்குத்தான் பொறுக்கும்? அது போஜ்புரிப் பாட்டா, மராத்திப் பாட்டா, தமிழ்ப் பாட்டா என்பது பேச்சே அல்ல. இந்த விஷயத்தில் தமிழர்களும் யாருக்கும் இளைத்தவர்கள் அல்ல. நாகர்கோவில் எக்ஸ்பிரசில் ஒரே பெட்டியில் மூன்று கைபேசிகள் மூன்று படப் பாடல்களைப் போட்டி போட்டுக்கொண்டு பாடும்போது, சோலாப்பூர் வருவதற்குள் தலைவலி வந்துவிடுகிறது.

ஆனால், உத்தரவு போட்டதோடு காரியம் முடிந்துவிடவில்லை. பெட்டியில் இருந்த சத்தம் எங்கே போயிற்று? அது குறையவில்லை. காதுக்குள் போய்விட்டது. பக்கத்தில் இருப்பவருக்குத் தொல்லை இல்லை என்பதால், அதைப் பற்றிக் கவலைப்பட யாரும் இல்லை.

வெளியூரில் பிழைக்க வந்தவனுக்குப் பாட்டு ஆடம்பரம் அல்ல. காலையில் எழுந்தது முதல் இந்தியிலும் மராத்தியிலும் காரியம் பார்க்கிறான். பட்டறையில் ஒரு மொழி, கடையில் ஒரு மொழி, ரெயிலில் ஒரு மொழி. இரவு தாராவியில் எட்டுப் பேர் படுக்கும் அறைக்குத் திரும்புகிறான். அந்த அறையில் அவனுக்கென்று தனியிடம் ஏதாவது உண்டென்றால், அது அவனுடைய இரண்டு காதுகளுக்கு நடுவே இருக்கும் இடம்தான். அங்கே அரை மணி நேரம் தன் மொழியைக் கேட்க அவன் ஆசைப்படுவதில் என்ன தவறு?

முன்பு அந்த ஆசைக்குச் செலவு அதிகம். டிரான்சிஸ்டரைத் திருப்பித் திருப்பி வைத்து, இரைச்சலுக்கு நடுவே தமிழைத் தேட வேண்டியிருந்தது. பிறகு டேப்ரிக்கார்டர் வந்தது. பிடித்த பாடல்களின் பட்டியலைத் தாளில் எழுதிக் கடையில் கொடுத்து, 60 நிமிடக் கேசட்டில் பதிந்து வாங்கி, நாடா தேயும்வரை கேட்டார்கள். 1979-ல் ஜப்பானில் ‘வாக்மேன்’ வந்தபோது பாட்டு முதன்முதலாகச் சட்டைப்பைக்குள் வந்தது. ஆனால் அதை வாங்கும் சக்தி குமாஸ்தாவுக்கு எளிதில் வாய்க்கவில்லை. கைபேசியில் பாட்டு வந்தபோதுதான் நிலைமை அடியோடு மாறியது. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை 2006 முதல் 2014 வரை இயங்கியது. தமிழ்நாட்டுப் பெண்கள் ஆயிரக்கணக்கில் அங்கே கைபேசிகளைப் பூட்டி நாடெங்கும் அனுப்பினார்கள். நகத்தளவு மெமரி கார்டில் நூற்றுக்கணக்கான பாடல்களை ஏற்றித் தரும் கடைகள் சந்துக்குச் சந்து முளைத்தன. பெரிய ஸ்பீக்கர்களோடு வந்த ‘சைனா செட்’டுகள் தெருவையே எழுப்பின. 2016-க்குப் பிறகு இணைய வசதி மலிவானதும் மெமரி கார்டுக்கும் வேலை குறைந்தது. இன்று மும்பையில் இருந்துகொண்டே திருநெல்வேலி வானொலியைக் கேட்கலாம்.

இத்தனை மாற்றத்திலும் கவனிக்காமல் விட்ட ஒன்று உண்டு. டிரான்சிஸ்டரை நாள் முழுவதும் காதோடு ஒட்டிக்கொண்டு யாரும் நடக்கவில்லை. கேசட் ஒரு பக்கம் முடிந்ததும் நின்றுவிடும். கைபேசியில் பாட்டு நிற்பதே இல்லை. இயர்போனோ காதின் வாயிலிலேயே உட்கார்ந்துகொண்டிருக்கிறது.

காதின் உள்ளே, நத்தைக்கூடு போல் சுருண்ட சிறு உறுப்பில், மயிரிழை போன்ற நுண்ணிய உயிரணுக்கள் வரிசையாக இருக்கின்றன. ஒரு காதுக்குச் சுமார் 15,000. ஒலியை நரம்புக்கு எடுத்துச் சொல்வது இவைதான். பலத்த சத்தம் தொடர்ந்து தாக்கினால் இவை சாய்ந்து, பிறகு செத்துவிடுகின்றன. செத்தவை மறுபடி முளைப்பதில்லை. மருந்தும் இல்லை.

உலக சுகாதார நிறுவனம் இதற்கு ஒரு கணக்குச் சொல்லியிருக்கிறது. 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் பாட்டுக் கேட்கலாம். சத்தம் 90 டெசிபலானால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். பத்து டெசிபல் கூடினால் நேரம் பத்தில் ஒன்றாகக் குறைகிறது. ஏற்கெனவே உலகில் 100 கோடிக்கும் அதிகமான இளைஞர்கள் இந்த ஆபத்தின் எல்லைக்குள் இருப்பதாக அந்த நிறுவனம் கூறுகிறது.

இந்தக் கணக்கை டோம்பிவிலியில் இருந்து சி.எஸ்.எம்.டி. வரை வந்துபோகும் ஒரு குமாஸ்தாவுக்குப் பொருத்திப் பார்க்கலாம். ஒரு தடவைக்கு ஒன்றேகால் மணி நேரம். ஓடும் ரெயிலின் இரைச்சலில் பாட்டுத் தெளிவாகக் கேட்க வேண்டுமானால் சத்தத்தைக் கூட்டியாக வேண்டும். கூட்டுகிறார். 90 டெசிபல் என்றே வைத்துக்கொண்டாலும், திங்கட்கிழமை காலையில் ஏறியவருக்குச் செவ்வாய்க்கிழமை மாலை வீடு திரும்பும் வழியிலேயே அந்த வாரத்துக் கணக்குத் தீர்ந்துவிடுகிறது. மீதி நான்கு நாட்களும் கடன்தான். அந்தக் கடனுக்குக் காது வட்டி கட்டுகிறது.

கெடுதல் ஒரே நாளில் தெரிந்தால் மனிதன் விழித்துக்கொள்வான். அப்படித் தெரிவதில்லை. முதலில் இரவில் காதுக்குள் ‘கொய்ங்’ என்று ஓர் ஓசை. பிறகு, பேச்சுக் கேட்கும், சொல் விளங்காது. காரணம், முதலில் போவது கீச்சென்ற மெல்லொலிகளைக் கேட்கும் திறன். ச, ஷ, த, ட போன்ற எழுத்துகளைப் பிரித்துக் காட்டுவது அந்த ஒலிகள்தான்.

வெளிமாநிலத் தமிழர்கள் மற்றவர்களைவிட அதிகமாகக் கவலைப்பட வேண்டிய இடம் இது. சொந்த மொழியில் பாதிச் சொல் காதில் விழுந்தால் மீதியை மனம் நிரப்பிக்கொள்ளும். பிற்காலத்தில் பிழைப்புக்காகக் கற்ற மொழியில் அப்படி நிரப்ப முடியாது. இந்தியிலும் மராத்தியிலும் ஏழுக்கு ‘ஸாத்’, அறுபதுக்கு ‘ஸாட்’. கடைசி எழுத்து ஒன்றுதான் வித்தியாசம். மேஸ்திரி ஏழு என்றாரா, அறுபது என்றாரா? பிளாட்பாரம் மாறியதாக அறிவித்தார்களே, எந்த எண்? நல்ல காதுக்கே கூட்டத்தில் தடுமாற்றம் வரும். தேய்ந்த காது என்ன செய்யும்? வீட்டில் தமிழ் நன்றாகக் கேட்கிறது, வெளியே இந்திதான் சரியாகப் புரியவில்லை என்று ஒருவர் சொன்னால், அவருக்கு மொழி போதவில்லை என்றே எல்லோரும் நினைப்பார்கள். அவரும் அப்படியே நினைத்துக்கொள்வார். காதைச் சோதிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது.

பட்டறைத் தொழிலாளியின் நிலை இன்னும் மோசம். பிரஸ் மெஷின், லேத்து, கிரைண்டர், விசைத்தறி இவற்றின் நடுவே எட்டு மணி நேரம் நிற்கிறவனின் காது, மாலையில் ஏற்கெனவே களைத்திருக்கிறது. அதற்கு ஓய்வு வேண்டும். ஆனால் களைத்த காதுக்குப் பாட்டு மெல்லமாகக் கேட்பதால், அவன் சத்தத்தை வழக்கத்தைவிட ஒரு படி கூட்டுகிறான். சிலர் வேலை நேரத்திலேயே, மெஷின் சத்தத்துக்குப் பாதுகாப்பு என்று எண்ணி, இயர்போனில் பாட்டைப் போட்டுக்கொள்கிறார்கள். அது பாதுகாப்பு அல்ல. இரைச்சலின் மேல் இரைச்சல். மெஷின் சத்தத்தைத் தடுக்கக் காதடைப்பான் என்று தனியாக உண்டு. அதைக் கொடுக்க வேண்டியது முதலாளியின் பொறுப்பு.

சட்டம் இல்லாமல் இல்லை. எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் என்ற வரம்பு தொழிற்சாலை விதிகளில் நெடுங்காலமாக இருந்து வருகிறது. இரைச்சலால் வரும் செவிக்குறைவு தொழில்சார் நோய்களின் பட்டியலில் சேர்ந்த ஒன்று. நஷ்டஈடு கேட்க வழி உண்டு. ஆனால், வழக்கு வரும் நாளில் நிர்வாகம் என்ன சொல்லும் என்று ஊகிப்பது கடினமல்ல. “இவர் எந்நேரமும் காதில் இயர்போனோடு இருப்பவர். காது கெட்டதற்கு எங்கள் மெஷின் காரணமல்ல, அவருடைய பாட்டுத்தான் காரணம்” என்று சொல்லிவிடலாம். இருபது வருடம் மெஷின் தின்ற காதுக்கு ஒரு நூறு ரூபாய் இயர்போன் பழி ஏற்க வேண்டிவரும்.

தண்டவாளத்தைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியாது. மும்பை புறநகர் ரெயில் பாதைகளில் அண்மை ஆண்டுகளில் வருடத்துக்கு 2,000 பேருக்கு மேல் உயிரிழக்கிறார்கள். தண்டவாளத்தைக் குறுக்கே கடப்பதுதான் அதில் முக்கிய காரணம். நிராவி எஞ்சின் போல மின்சார ரெயில் தொலைவிலேயே குரல் கொடுத்துக்கொண்டு வருவதில்லை. ஒரு பாதையில் போகும் வண்டியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறு பாதையில் இன்னொன்று வந்துவிடும். அப்போது காப்பாற்றுவது அதன் ஊதல் ஒன்றுதான். இரண்டு காதையும் அடைத்துக்கொண்டவனுக்கு அதுவும் இல்லை. கடப்பதே தவறு. இயர்போனோடு கடப்பது, கண்ணைக் கட்டிக்கொண்டு கடப்பதற்குச் சமம்.

வாங்கும் சாமானிலும் கவனம் தேவை. ஸ்டேஷன் வாசலில் குவித்து வைத்திருக்கும் மலிவு இயர்போனின் குறை, ஒரு மாதத்தில் ஒரு பக்கம் ஊமையாகிவிடுவது மட்டுமல்ல. ஒரு பக்கம் கேட்காவிட்டால் மறுபக்கச் சத்தத்தைக் கூட்டுகிறார்கள். காதுத் துளையில் ரப்பர் முனையோடு சரியாகப் பொருந்தும் இயர்போன் வெளிச் சத்தத்தை ஓரளவு தடுப்பதால், ரெயிலில் குறைந்த சத்தத்திலேயே கேட்க முடியும். கைபேசியின் முழுச் சத்தத்தில் 60 சதவீதத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதற்கு ஒரு வழி உண்டு. வீட்டில் அமைதியான நேரத்தில் சத்தத்தை அளவாக வைத்துவிட்டு, வெளியே வந்தபின் அதைத் தொடாமல் இருக்க வேண்டும். பாட்டுக் கேட்கவில்லையா, ரெயிலை விட்டு இறங்கும்வரை பொறுக்கலாம். பாட்டு ஓடிப்போகாது.

போலி சார்ஜர் இன்னும் பொல்லாதது. 230 வோல்ட் மின்சாரத்தைக் கைபேசியிடமிருந்து பிரித்து வைக்கும் காப்பு அதில் அரைகுறையாக இருக்கும். அதைச் செருகிவிட்டு, இயர்போனையும் மாட்டிக்கொண்டு, ஈரத் தரையில் பாய் விரித்துப் படுப்பவர்கள் காதுவரை கம்பி இழுத்துக்கொள்கிறார்கள். சார்ஜரில் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரையும் ‘ஆர்’ என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண் உண்மையானதா என்பதை ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் கைபேசியிலேயே பார்த்துவிடலாம். பாட்டுக் கேட்கும் கருவிக்கே இந்த வசதியும் இருக்கிறது, பயன்படுத்துகிறவர்கள்தான் குறைவு.

தனிமனிதர் எச்சரிக்கையாக இருந்தால் மட்டும் போதாது. ‘சத்தம் போடாதே’ என்று பெட்டியில் எழுதி ஒட்டும் ரெயில்வே, பக்கத்திலேயே ‘சத்தத்தைக் கூட்டாதே’ என்றும் ஒட்டலாம். அதை மராத்தி, இந்தியோடு தமிழ் முதலிய மொழிகளிலும் எழுதினால் குறைந்துபோக மாட்டார்கள். கைபேசி செய்யும் கம்பெனிகள், வாரக் கணக்குத் தீர்ந்ததும் தானாகச் சத்தத்தைக் குறைக்கும் ஏற்பாட்டை எல்லாக் கருவிகளிலும் வைக்க வேண்டும். இதற்கான சர்வதேசத் தர வரையறை 2019-ம் ஆண்டிலேயே வந்துவிட்டது. விலை உயர்ந்த கருவிகளில் மட்டும் அது இருந்தால், விலை மலிந்ததை வாங்குகிறவனின் காதும் மலிவு என்று ஆகிவிடும்.

தமிழ்ச் சங்கங்கள் ஆண்டுதோறும் மருத்துவ முகாம் நடத்துகின்றன. ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள். சர்க்கரை பார்க்கிறார்கள். கண்ணாடி கொடுக்கிறார்கள். காதைப் பார்க்கும் முகாம் அபூர்வம். மும்பையில் பாந்திராவில் அலியாவர் ஜங் தேசியச் செவித்திறன் நிறுவனம் இருக்கிறது. கர்நாடகத்தில் உள்ளவர்களுக்கு மைசூரில் அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் இருக்கிறது. சங்க நிர்வாகிகள் கேட்டுப் பார்ப்பதில் தடை என்ன?

தொழிற்சங்கங்கள் செய்ய வேண்டியது இன்னொன்று. ஒருவர் மெஷின் அருகே வேலைக்குச் சேரும் நாளிலேயே அவருடைய செவித்திறனை அளக்க வேண்டும். அதற்கு அரை மணி நேரம் போதும். வருடம் ஒரு தடவை மறுபடி அளக்க வேண்டும். அந்தச் சீட்டு கம்பெனி அலமாரியில் மட்டும் இருந்தால் பயன் இல்லை. அதன் நகல் ஒன்று, கையெழுத்தோடும் தேதியோடும், தொழிலாளியின் கையில் இருக்க வேண்டும்.