சிலந்தி நண்டுக்குப் பெயர் சூட்ட அவசரம் ஏன்?

நான் வசிக்கும் சுவா சூ காங்கின் பெயரிலேயே ஒரு வரலாறு இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் ஆற்றோரமாக மிளகுத் தோட்டமும் கம்பீர் தோட்டமும் போட்ட சீனர்களின் குடியிருப்புகளைச் ‘சூ காங்’ என்றனர். ‘சுவா’ என்பது ஒரு குடும்பப் பெயர். தோட்டங்கள் போய் அடுக்குமாடி வீடுகள் வந்துவிட்டன. ஆனாலும் இங்கே யார் வாழ்ந்தார்கள் என்பதை அந்தப் பெயர் இன்னும் சொல்கிறது. நம் கடலோர உயிர்களுக்கும் சரியான பெயர் அவ்வளவு முக்கியம் அல்லவா?

கடல் வற்றிய ஒரு விடியற்காலையில், தீவின் மறுகோடியிலுள்ள சாங்கி கடற்கரைக்கு நண்பர்களோடு சென்றிருந்தேன். பாசி படிந்த கல் என்று நான் நினைத்தது மெல்ல நகர்ந்தது. சிலந்தி நண்டு! நண்பர் ஒருவர் கைப்பேசியில் படமெடுத்தார். செயலி நொடிப்பொழுதில் ஓர் அறிவியல் பெயரைக் காட்டியது. எல்லாரும் கைதட்டினோம். நாங்கள் அவசரப்பட்டுவிட்டோம் என்றே இப்போது நினைக்கிறேன்.

‘சிலந்தி நண்டு’ என்பது ஓரினத்தின் பெயரன்று. ஒரு பெருங்கூட்டத்தின் பெயர். கால்களை விரித்தால் மூன்றரை மீட்டரைத் தாண்டும் ஜப்பானிய நண்டும் அதில் அடக்கம். இவற்றுள் பலவற்றின் ஓட்டில் கொக்கி போன்ற நுண்மயிர்கள் உண்டு. அவற்றில் பாசியையும் கடற்பஞ்சையும் மாட்டிக்கொண்டு நண்டு ஒளிந்துகொள்கிறது. ஆக, நம் படத்தில் விழுவது பெரும்பாலும் அதன் மாறுவேடமே! ஆய்வாளர்களோ அந்தப் போர்வையை நீக்கி, நெற்றிக் கொம்புகளையும் ஓட்டின் முட்களையும் பார்க்கிறார்கள். ஆண் நண்டாக இருந்தால், வயிற்று மடிப்புக்குள் இருக்கும் இனப்பெருக்க உறுப்பின் வடிவத்தையும் நுண்ணோக்கியில் ஆராய்கிறார்கள். பிறகு அரும்பொருளக மாதிரிகளோடு ஒப்பிடுகிறார்கள்.

தவறான பெயரால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். 2001இல் புலாவ் உபினின் செக் ஜாவா கரை நில மீட்புக்கு உள்ளாகவிருந்தது. தொண்டூழியர்களும் ஆய்வாளர்களும் அங்குள்ள உயிர்களைப் பதிவு செய்தனர். மக்களும் குரல் கொடுத்தனர். அவ்வாண்டு இறுதியில் திட்டம் தள்ளிவைக்கப்பட்டது. 2010இல் தொடங்கிய கடல்வாழ் உயிர்க் கணக்கெடுப்பிலும் தொண்டூழியர்கள் பலர் பங்கேற்றனர். இத்தகைய பட்டியலில் ஒரு பெயர் பிழையானால், அரிய உயிர் ஏராளமாக இருப்பதாகத் தோன்றும்; இங்கே இருக்கும் உயிர் இல்லாததாகிவிடும். பட்டியலை நம்பித்தானே ஒரு கரையின் மதிப்பை எடைபோடுகிறார்கள்?

ஐங்குறுநூற்றில் நண்டுக்கென்றே பத்துப் பாடல்கள் உள்ளன. அலவன், கள்வன், ஞெண்டு என்று அதற்குப் பல பெயர்கள் வைத்த மொழி நம்முடையது. பொறுமையாகப் பார்த்தவர்களால்தான் அப்படிப் பாடவும் பெயரிடவும் முடியும்.

எனவே நண்பர்களே, அடுத்த முறை கடல் வற்றும்போது கரைக்கு வாருங்கள். நண்டை மேலிருந்தும் முன்னிருந்தும் படமெடுங்கள். இடத்தையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அதன் போர்வையைப் பிய்க்காமல் இருந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். பெயருக்கான இடத்தில் ‘சிலந்தி நண்டு, இனம் உறுதியாகவில்லை’ என்று எழுதுங்கள். அது அறியாமை அன்று, நேர்மை. மற்றதை அறிந்தவர்கள் நிரப்பட்டும். அந்த அறிந்தவர்களுள் ஒருவராக நாளை நீங்களும் இருக்கலாமே!