காட்டு இருளும் கணினித் திரையும்



"கணினி விளையாட்டு மாணவருக்குக் கேடு" என்பது விவாத மேடைகளிலும் கட்டுரைத் தாள்களிலும் அடிக்கடி காணப்படும் தலைப்பு. சார்பாகப் பேசுவோர் நேரம் வீணாகிறது, கண் பழுதாகிறது என்பர். எதிராகப் பேசுவோர் மூளை கூர்மையடைகிறது என்பர். எந்த விளையாட்டைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை இரு சாராரும் பெரும்பாலும் சொல்வதில்லை. எல்லா நூல்களும் ஒரே தரத்தன அல்ல. விளையாட்டுகளும் அவ்வாறே. ஆகவே, காட்டைக் களமாகக் கொண்ட திகில் விளையாட்டு ஒன்றை எடுத்து, அதனை நுணுகி நோக்கி என் கருத்தைக் கூறுகிறேன்.

அதன் பெயர் 'டார்க்வூட்'. போலந்து நாட்டின் வார்சோ நகரில் 'அசிட் விசார்ட்' என்ற சிறு நிறுவனத்தை நடத்திய மூவர் இதனை உருவாக்கினர். 2013 இல் இணையத்தின் வழியே பொதுமக்களிடம் நிதி திரட்டினர். 2014 இல் முற்றுப்பெறாத வடிவத்தையும், 2017 ஆகஸ்ட் மாதத்தில் முழு வடிவத்தையும் வெளியிட்டனர். 1980 களில், சோவியத் அணியைச் சேர்ந்த நாடொன்றின் காட்டுப் பகுதியில் கதை நிகழ்கிறது. காடு வளர்ந்து பாதைகளையெல்லாம் மூடிவிட்டது. உள்ளே இருப்பவர் வெளியேற முடியாது. பகலில் காட்டினுள் சென்று பலகை, ஆணி, பெற்றோல் முதலியவற்றைத் தேடிச் சேர்க்க வேண்டும். இருள் சூழுமுன் ஒரு பழைய வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டும்.

இரவுதான் இவ்விளையாட்டின் உயிர். யன்னல்களுக்குப் பலகை அடித்து, கதவுக்குக் குறுக்கே அலுமாரியைத் தள்ளி வைத்து, மின்பிறப்பாக்கிக்குப் பெற்றோல் ஊற்ற வேண்டும். பெற்றோல் தீர்ந்தால் விளக்கு அணையும். அதன்பின் விடியும்வரை செவிகொடுத்துக் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. பலகை முறியும் ஓசை கேட்கும். அடுத்த அறையில் காலடி கேட்கும். சில வேளைகளில் கதவு மாத்திரம் தட்டப்படும்.

இப்பயம் எவ்வாறு பிறக்கிறது? விளையாடுபவர் காட்சியை மேலிருந்து பார்க்கிறார். ஆனால் கதைமாந்தர் முகம் திருப்பியுள்ள பக்கத்தில், கூம்பு வடிவமான ஒரு பகுதி மாத்திரமே தெளிவாகத் தெரியும். முதுகுப்புறத்தில் மரமும் சுவரும் மங்கலாகத் தெரியுமேயன்றி, அங்கு அசையும் உயிர்கள் தெரியா. கோர முகத்தைத் திடீரெனக் காட்டி அலற வைக்கும் உத்தியைத் தாம் நாடவில்லை என்று உருவாக்கியவர்களே கூறினர். 2012 இல் வெளிவந்த 'ஸ்லெண்டர்' என்ற சிறு விளையாட்டும் இதே வழியில் சென்றது. கையில் ஒரு ரோர்ச்சுடன் இருண்ட காட்டில் எட்டுத் தாள்களைத் தேட வேண்டும். முகமில்லாத நெடிய உருவம் ஒன்று பின்தொடரும். அதனை நின்று பார்த்தால் தோல்வி நிச்சயம். எனவே விளையாடுபவர் பார்க்கவே அஞ்சுகிறார். இரண்டிலும் திரை காட்டுவது கொஞ்சம். மீதியை நிரப்புவது நமது மனம்.

இதனால்தான் இத்தகைய விளையாட்டை வெறும் குப்பை என்று ஒதுக்க நான் உடன்படேன். சிறந்த கதையாசிரியர் கையாளும் உத்தி இதில் இருக்கிறது. மாணவர் கட்டுரைகளில் "அங்கே ஒரு பயங்கரமான பேய் நின்றது" என்ற வசனத்தை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அதனை வாசித்து எவரும் பயந்ததில்லை. அதற்குப் பதிலாக, "இரவு முழுவதும் குரைத்துக்கொண்டிருந்த நாய் திடீரென அடங்கிவிட்டது" என்று எழுதிப் பாருங்கள். பேய் என்ற சொல்லே இல்லை. ஆயினும் வாசிப்பவர் கதவைத் திரும்பிப் பார்ப்பார்.

இன்னொரு பயனும் உண்டு. இவ்விளையாட்டில் எதுவும் இலவசமாகக் கிடைப்பதில்லை. காட்டுக் காளான் முதலியவற்றைக் காய்ச்சி எடுக்கும் சாற்றை உடலில் ஏற்றினால் புதிய ஆற்றல் கிடைக்கும். அதனோடு ஒரு குறைபாட்டையும் ஏற்க வேண்டி வரும். வழியில் சந்திக்கும் மனிதர்களுள் யாருக்கு உதவுவது, யாரைக் கைவிடுவது என்ற தெரிவு அவர்களது கதியை மாற்றிவிடும். சரியான விடை இதுதான் என்று சொல்ல எவரும் வரமாட்டார். முடிவெடுத்துவிட்டு அதன் விளைவோடு வாழும் பழக்கம் இளம் வயதில் வேண்டியதே.

எனினும் நாணயத்தின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். பயத்தை உருவாக்குவது நமது மனம் என்றேன். கணினியை ஒரு நொடியில் நிறுத்தலாம். மனத்தை அவ்வாறு நிறுத்த முடியாது. நள்ளிரவில் விளையாடி முடித்துப் படுத்தவருக்குக் கூரையில் விழும் ஓலை மட்டையும் காலடியாகவே கேட்கும். பகலில் கற்றவற்றை மூளை உறுதிப்படுத்திக்கொள்வதில் உறக்கத்துக்குப் பெரும் பங்குண்டு. பரீட்சைக்குப் படிக்கும் ஒருவர் அந்த உறக்கத்தை விலையாகக் கொடுப்பது நட்டமான வியாபாரம்.

வயதும் கவனிக்கத்தக்கது. 2014 மே மாதத்தில் அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில், 12 வயதுச் சிறுமியர் இருவர் மேற்கூறிய முகமில்லா உருவத்தை உண்மையென நம்பி, தம் தோழியைக் காட்டுக்குள் அழைத்துச் சென்று கத்தியால் குத்தினர். தோழி உயிர் பிழைத்தாள். நீதிமன்றம் அவ்விருவரையும் மனநல வைத்தியசாலைக்கு அனுப்பியது. இதைக் காட்டி விளையாட்டே குற்றவாளி என்று தீர்ப்பளிப்பது நியாயமன்று. அவர்கள் மனநோயால் பாதிக்கப்பட்டிருந்தனர். இணையத்தில் உலவிய கதைகளையும் நம்பியிருந்தனர். ஆனால், கற்பனைக்கும் உண்மைக்கும் இடையிலான கோடு எல்லோருக்கும், எல்லா வயதிலும் ஒரே உறுதியுடன் இருப்பதில்லை என்பதை இச்சம்பவம் காட்டுகிறது. மனம் ஏற்கெனவே கலங்கியிருக்கும்போது இவ்வகை விளையாட்டுகளை நாடாமல், நம்பிக்கையான பெரியவர் ஒருவரிடம் பேசுவதே நன்று.

ஐரோப்பாவில் 2003 முதல் விளையாட்டுகளின் உறையில் 3, 7, 12, 16, 18 என்று வயதெல்லை அச்சிடப்பட்டு வருகிறது. திகில் விளையாட்டுகள் பல 16 அல்லது 18 என்ற எண்ணைத் தாங்கியவை. நண்பரின் பென்டிரைவில் வந்து சேரும் பிரதிக்கு உறையும் இல்லை, எண்ணும் இல்லை. அதனைத் தேடி அறிவது உங்கள் பொறுப்பு. வயது வரவில்லையெனின் காத்திருங்கள். விளையாட்டு எங்கும் ஓடிவிடாது. உலக சுகாதார அமைப்பு 2019 இல் ஏற்றுக்கொண்ட நோய்ப் பட்டியலில் விளையாட்டு அடிமைநிலையும் ஒரு கோளாறாக இடம்பெற்றுள்ளது. நிறுத்த நினைத்தும் நிறுத்த முடியாமை அதன் முக்கிய அறிகுறி.

இங்கு நம் வீடுகளைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். போர்க்காலத்தில் இரவிலே கதவு தட்டப்படும் ஓசைக்கு நெஞ்சு பதைத்தவர்களும், காட்டோரங்களில் இருளுக்குள் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு விழித்திருந்தவர்களும் இன்றும் நம்மோடு வாழ்கிறார்கள். உங்கள் அம்மம்மாவோ பெரியப்பாவோ அவர்களுள் ஒருவராக இருக்கலாம். நீங்கள் ஒலியைக் கூட்டி வைத்து விளையாடும்போது அடுத்த அறையில் அவர்களுக்குக் கேட்பது விளையாட்டன்று. பயத்தை நாம் பொழுதுபோக்காக அனுபவிக்க முடிவது, நிறுத்தும் பொத்தான் நம் விரலடியில் இருப்பதனால்தான். அவர்களுக்கு அப்படியொரு பொத்தான் இருக்கவில்லை. ஹெட்போனை மாட்டிக்கொள்வது சிறிய செயல். அதற்குமேல், ஒருநாள் அவர்களருகில் அமர்ந்து அந்த இரவுகளைப் பற்றி அவர்கள் சொல்ல விரும்பினால் கேளுங்கள்.

ஆகவே என் முடிபு இதுதான். காட்டுத் திகில் விளையாட்டை முற்றாகத் தடைசெய்வதும் தவறு. கண்ட வயதில், கண்ட நேரத்தில் விளையாடுவதும் தவறு. உரிய வயதில், பகற்பொழுதில், அளவோடு, பரீட்சை முடிந்த பின்னர் விளையாடுங்கள். விளையாடும்போது "நான் ஏன் இப்போது பயந்தேன்?" என்று உங்களையே கேளுங்கள். அக்கேள்விக்கு விடை தேடுபவர், பயத்துக்கு ஆளாவதோடு நின்றுவிடாமல் அதன் நுட்பத்தையும் கற்றுக்கொள்வார்.

உங்கள் கருத்து என்னுடையதிலிருந்து வேறுபடலாம். அவ்வாறாயின் இரண்டு காரணங்களையும் ஓர் உதாரணத்தையும் காட்டி, ஒரு பக்க அளவில் மறுத்து எழுதிப் பாருங்கள்.