மீன்பிடித் தடைக்காலம் 61 நாள்: கடலில் இருக்கும் மீனை எண்ணுவது எப்படி?

ஏப்ரல் 15 தாண்டினால் போதும், கோவில்பட்டி மார்க்கெட்டில் சீலா மீன் விலை எகிறிவிடும். கேட்டால், "தடைக்காலம், வரத்து இல்ல" என்ற ஒரே பதில்தான்.

ஜூன் 14 வரை 61 நாளைக்குக் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. முன்பு இது 45 நாளாக இருந்தது. மீன்கள் முட்டையிட நேரம் கொடுக்கணும் என்பது காரணம். சரி, மீதி 10 மாதத்தில் எவ்வளவு பிடிக்கலாம்? அதற்குத்தான் கணக்கு வேணும்.

அசலும் வட்டியும்

1838-இல் பெல்ஜியத்தின் வெர்ஹல்ஸ்ட், மக்கள்தொகை வளர்ச்சிக்கு ஒரு சமன்பாடு எழுதினார். 1954-இல் ஷேஃபர் அதை மீன்பிடிக்குப் பொருத்தினார். விஷயம் சிம்பிள்: மீன் குறைவாக இருந்தால் குஞ்சு பொரிப்பதும் குறைவு. நிறைய இருந்தால் இரைக்குப் போட்டி. நடுவில் இருக்கும்போதுதான் வளர்ச்சி அதிகம்.

ஒரு கற்பனைக் கணக்கு. கடல் தாங்குவது 1,000 டன். 500 டன் இருக்கும்போது வருஷத்துக்கு 100 டன் புதிதாகச் சேர்கிறது. அந்த 100 டன்னை மட்டும் பிடித்தால் இருப்பு குறையாது. வட்டியைத் தின்கிறோம், அசல் பத்திரம்.

ஏதோ காரணத்தால் இருப்பு 400 டன்னாகிவிட்டது என்று வையுங்கள். இப்போது வளர்ச்சி 96 டன். அதே 100 டன் பிடித்தால் நஷ்டம் வெறும் 4 டன், யாருக்கும் தெரியாது. 200 டன்னுக்கு இறங்கும்போது வளர்ச்சி 64 டன்தான், நஷ்டம் 36 டன். அப்போதுதான் வலை காலியாக வருவது கண்ணில் படும். விதைக்கு வைத்த கம்பை இடித்துக் கஞ்சி காய்ச்சினால் என்ன ஆகும் என்று கரிசல்காட்டுக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

எண்ணுவது யார்?

மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம். தூத்துக்குடியிலும் அதற்கு மையம் இருக்கிறது. கடலுக்குள் இறங்கி எண்ண முடியாது. அதனால் இறங்குதளங்களில் மாதிரி எடுத்து, எவ்வளவு மீன் வந்தது, என்ன நீளம் என்று அளந்து, அதை வைத்து இருப்பைக் கணிக்கிறார்கள். 2022 நிலவரம் குறித்த அதன் அறிக்கை, ஆய்வு செய்த 135 மீன் இருப்புகளில் 91.1% நல்ல நிலையில் இருப்பதாகச் சொன்னது.

நிம்மதிதான். ஆனாலும் கணிப்பு தப்பலாம். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் காட் மீன் இருப்பை அதிகமாக மதிப்பிட்டார்கள். மிச்சமிருந்த மீன்கள் ஒரே இடத்தில் கூடியதால் படகுகளுக்கு நல்ல பாடு கிடைத்துக்கொண்டே இருந்தது. கடலில் நிறைய இருப்பதாக நம்பிவிட்டார்கள். 1992-இல் மீன்பிடிப்பையே நிறுத்த வேண்டியதாயிற்று. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். 30 வருஷத்துக்கு மேலாகியும் மீன் பழைய அளவுக்குத் திரும்பவில்லை.

என்ன செய்யலாம்?

இந்தக் கணக்கு ஆய்வறிக்கைக்குள்ளேயே இருந்தால் போதாது. எந்த மீன் குறைகிறது, எந்த நீளத்துக்குக் கீழே பிடிக்கக் கூடாது என்பதைத் துறைமுக ஏலக்கூடத்தில் தமிழில் எழுதிப் போடணும். தினமும் கடலைப் பார்க்கிறவர்கள் "இந்த எண் தப்பு" என்று சொல்லவும் வழி வேணும். கணிப்பு தப்பினால் முதலில் பட்டினி கிடப்பது அவர்கள் வீடுதான்.

நம் பங்கும் உண்டு. அடுத்த முறை மார்க்கெட்டில் விரல் நீளக் குட்டிச் சீலாவைக் கூறு போட்டு மலிவாக விற்றால், வாங்காதீங்க. அது அசல்.