நாய்க்கொரு பெயர்

நாய்க்குப் பெயரிடுவதும் ஒரு விஷயமா, அதற்கும் ஒரு வியாசமா என்று வாசகர்களில் சிலர் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். மனிதனுக்குப் பெயரிடும்போது சோதிடமும், குலதெய்வமும், பாட்டன் பெயரும் குறுக்கே வந்து நிற்கின்றன. நாய்க்குப் பெயரிடும்போது எதுவும் குறுக்கே வருவதில்லை. மனத்தில் கிடப்பது அப்படியே வாயில் வருகிறது. ஆதலால் ஒரு சமூகத்தின் உள்ளத்தை அறிய வேண்டுவோர், அது தன் நாய்களை எப்பெயரால் அழைக்கிறதென்று விசாரித்தாலே போதும் என்பது நமது அபிப்பிராயம்.

சமீபத்தில் கேமரன் மலையில், பிரிஞ்சாங்குக்கு அப்பாலுள்ள கியா பார்மில் ஒரு நண்பர் வீட்டில் தங்கியிருந்தோம். அவ்வீட்டுக்குப் புதிதாக ஒரு நாய் வந்து சேர்ந்திருந்தது. பெரிதுமன்று, சிறிதுமன்று, பழுப்பு நிறம், யாரைக் கண்டும் குரைக்காமல், அடுப்படியில் இடம் கிடைத்தால் படுத்துக்கொள்ளும் சாதுப் பிராணி. அதற்குப் பெயர் வைக்க வீட்டாரும் அண்டை வீட்டாரும் கூடினர்.

முதலில் வந்த பெயர் ‘டைகர்’. கோழியைக் கண்டு ஒதுங்கும் நாய்க்குப் புலியென்று பெயர்! அது நாயின் பெயரன்று, வளர்ப்பவனின் வீண் பெருமையின் பெயர். அடுத்து ‘டாமி’, ‘ஜிம்மி’, ‘சீசர்’ என்று வரிசையாக வந்தன. டாமி என்பது ஆங்கிலேயச் சிப்பாய்க்கு வழங்கிய பெயர். ஜிம்மி என்பது ஜேம்ஸ் என்பதன் செல்லச் சுருக்கம். சீசரோ ரோமாபுரித் தளபதி. இவற்றுள் ஒன்றேனும் நாயின் குணம் பார்த்து வைத்ததா? துரையின் பங்களா வாசலில் கேட்ட பெயரை நம் வாசலில் திருப்பிச் சொல்கிறோம், அவ்வளவே. 1957இல் துரைமாரின் கொடி கம்பத்திலிருந்து இறங்கிவிட்டது. நம் நாய்களின் கழுத்திலிருந்து மட்டும் இன்னும் இறங்கவில்லை.

இது வரையில் அறியாமைதான், மன்னிக்கலாம். அதன்பின் நடந்ததே இவ்வியாசத்தை எழுதத் தூண்டியது. ஒரு வாலிபன், “பங்களாதேசிகள் தங்கும் கொட்டகைப் பக்கமிருந்துதானே வந்தது? ‘பங்களா’ என்றே வையுங்கள். நிறமும் பொருத்தம்” என்றான். கூட்டம் கொல்லென்று சிரித்தது. பெரியவர்களும் சிரித்தனர். வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்: ஒரு கணம் நாமும் சிரித்துவிட்டோம்.

அந்தச் சிரிப்புக்கு நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று கேட்கிறோம். 1885இல் இம்மலையை அளந்த கேமரனின் பெயர் மலைக்கே கிடைத்தது. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அவர் பெயரும் சரித்திரத்தில் நிற்கிறது. காடழித்துத் தேயிலை நட்டு, பனியில் நடுங்கிக் கொழுந்து கிள்ளிய நம் பாட்டன் பாட்டிக்குக் கிடைத்த பெயர் என்ன? ‘கூலி’! தமிழில் கூலி என்பது உழைப்புக்குக் கொடுக்கும் ஊதியம். கொடுத்ததோ சொற்பம்; அந்தச் சொற்பத்தின் பெயரையே ஆளுக்கும் சூட்டிவிட்டார்கள். ‘கெலிங்’ என்ற சொல்லின் கதையும் இதுவே. கலிங்க நாட்டின் பெயரிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் அச்சொல்லில் பிறப்பிலே இழிவு இல்லை. சொன்ன வாய்கள் இழிவை ஏற்றின. இன்றும் அச்சொல் காதில் விழுந்தால் நம் இரத்தம் கொதிக்கிறது, கொதிக்கவும் வேண்டும்.

இன்று அதே சரிவுகளில் கொழுந்து பறிப்போரில் பலர் பங்களாதேசத்தாரும் நேபாளத்தாரும் இந்தோனேசியரும் ஆவர். கடன்பட்டுக் கடல் கடந்து வந்தவர்கள். குழந்தை முகத்தைக் காணாமல் வருஷங்களைக் கழிப்பவர்கள். நம் பாட்டன் கதைக்கும் இவர்கள் கதைக்கும் வித்தியாசம் என்ன? கப்பல் போய் ஆகாய விமானம் வந்திருக்கிறது. நேற்று நம்மீது எறிந்த கல்லை இன்று நாம் எடுத்து இவர்கள்மீது எறிவதா முன்னேற்றம்?

“வேடிக்கைக்குச் சொன்னது” என்று சமாதானம் கூறினர். இழிவுபடுத்தியவன் எவனும் வேடிக்கை என்றே சொல்லுவான். பட்டவனைக் கேட்டால்தான் உண்மை தெரியும். வேறொருவர், “ராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை என்று ஊர்ப்பெயரால் நாய்களை அழைக்கவில்லையா? ராஜபாளையம் நாய்க்கு இந்திய சர்க்கார் 2005இல் தபால் தலையே வெளியிட்டதே!” என்று மடக்கினார். நல்ல கேள்வி. ஆனால் அப்பெயர்களை அவ்வூரார் தாமே மார்தட்டிச் சொல்லுகிறார்கள். தம் மண்ணில் வளர்ந்த இனமென்று பெருமை கொள்ளுகிறார்கள். கொட்டகையிலுள்ள தோழர் தம் தேசத்தின் பெயர் தெருவில் நாயை விரட்டக் கூவப்படுவதைக் கேட்டு மார்தட்டுவாரா?

நிற்க. மனிதப் பெயரை நாய்க்கு வைப்பதே குற்றம் என்று நாம் சொல்லவில்லை. ‘மணி’ என்று பிள்ளைக்கும் வைக்கிறோம், நாய்க்கும் வைக்கிறோம். இரண்டும் அன்பினால் வைப்பவை, ஆகையால் ஒருவர் மனமும் புண்படுவதில்லை. பெயரில் குற்றமில்லை, அதைத் தரும் நெஞ்சில்தான் இருக்கிறது.

அப்படியானால் நல்ல பெயர் எது? இரண்டாயிரத்து முன்னூறு ஆண்டுகளுக்கு முன்னரே கிரேக்க நாட்டு செனபோன் என்பார் வேட்டை நாய்களைப் பற்றி எழுதுகையில், கூப்பிட எளிதாகும்படி பெயர் குறுகியதாக இருக்க வேண்டும் என்று சொல்லி, ஒரு பட்டியலும் தந்திருக்கிறார். அதனோடு நாம் இரண்டு விதிகளைச் சேர்ப்போம்: அந்தப் பிராணியின் இயல்புக்கு இசைய வேண்டும், எந்த மனிதன் காதில் விழுந்தாலும் அவன் தலை குனியாதிருக்க வேண்டும்.

கியா பார்மில் அன்று வழக்கைத் தீர்த்தவர் அவ்வீட்டுப் பாட்டியார். கொழுந்துக் கூடை சுமந்து முதுகு வளைந்தவர். கூட்டம் சிரித்தபோது சிரிக்காதவர் அவர் ஒருவரே. “சத்தமில்லாமல் வந்து காலடியில் படுக்கிறது, பனி என்று கூப்பிடுங்கள்” என்றார். பிறகு அந்த வாலிபனைப் பார்த்து, “நீ சொன்னாயே ஒரு பெயர், அந்தக் கொட்டகைக்காரன் பெயர் என்னவென்று தெரியுமா, தம்பி?” என்று கேட்டார். அவனுக்குத் தெரியவில்லை. நமக்கும் தெரியவில்லை.

தோட்டத் தமிழர்களே! பட்டணத்துத் தமிழர்களே! நாய்க்குப் பெயர் தேடி ஒரு மாலைப்பொழுதைச் செலவிடும் நாம், பக்கத்துக் கொட்டகையில் வருஷக்கணக்காக வாழும் மனிதனின் பெயரைக் கேட்க ஒரு நிமிஷம் செலவிடவில்லை. முதலில் அதைக் கேட்டறியுங்கள். அறிந்த பெயரால் அவனை அழையுங்கள். நாய்க்குப் பெயர் வைப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.